பி1000: ரிமோட்டா, மொபைலா, ஒன்றைத்தான் கட்டிக்கொள்ளலாம்

அடுத்த மாடலான பி1100 வந்ததிலிருந்து, செகண்ட் ஹேண்டில் நிக்கான் கூல்பிக்ஸ் பி1000 கேமரா எடுக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் 125 மடங்கு ஜூமையும் நிலாவின் பள்ளங்களையும் யூடியூபில் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். லென்ஸைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வாங்கிய பிறகு தினமும் மல்லுக்கட்ட வேண்டியிருப்பது ப்ளூடூத், கார்டு, பேட்டரி ஆகிய மூன்றோடுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். எம்எல்-எல்7 என்ற ப்ளூடூத் ரிமோட்டைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆனாலும் வாங்குங்கள். முழு ஜூமான 3000 மி.மீ.யில் ஷட்டரை விரலால் தொட்டாலே பறவை ஃபிரேமுக்கு வெளியே போய்விடும். ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்தால் பறவையே போய்விடும். இந்த ரிமோட்டில் ஷட்டர், வீடியோ பட்டன்களோடு ஜூம் பட்டனும் உண்டு. வேடந்தாங்கல் கரையில் டிரைபாடை நிறுத்திவிட்டு, கேமராவைத் தொடாமலே ஏரி நடுவிலிருக்கும் மரத்துக் கூட்டைப் பக்கத்தில் இழுத்துப் பார்ப்பது தனி சுகம்.

அந்தச் சுகத்தில் மண்ணைப் போடுவது நெட்வொர்க் மெனு. 2015-ல் வந்த முந்தைய மாடலான பி900-க்குள் ஜிபிஎஸ் இருந்தது. 2018-ல் வந்த பி1000-ல் அதைத் தூக்கிவிட்டார்கள். படத்தோடு எடுத்த இடத்தின் குறிப்பும் (இடக்குறிப்பு) வேண்டுமென்றால் மொபைலில் நிக்கானின் ஸ்னாப்பிரிட்ஜ் செயலியை ஓடவிட்டு, ப்ளூடூத் வழியே கேமராவுக்கு வாங்க வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. எந்த இணைப்பு என்று கேட்கும் இடத்தில் மொபைல், ரிமோட் என்று இரண்டே வழி. இரண்டும் சேர்ந்து கிடையாது! ரிமோட்டுக்கு மாற்றினால் அதற்குப் பிறகு எடுக்கும் படங்களில் இடக்குறிப்பு இருக்காது. பார்த்த பறவைகளைப் பதிவுசெய்யும் இபேர்ட் தளத்தில் பட்டியல் போடுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு இரண்டு மாற்று வழிகள் உண்டு. ஒன்று, பக்கவாட்டில் இருக்கும் ஆக்சஸரி முனையில் எம்சி-டிசி2 ஒயர் ரிமோட்டைச் செருகுவது. நிக்கான் டி90, டி7000 காலத்து கேபிளேதான், பழைய டிஎஸ்எல்ஆர் வைத்திருந்தவர்கள் வீட்டு அலமாரியில் கிடக்கும். ப்ளூடூத்தை மொபைலுக்கே விட்டுவிடலாம். ஆனால் ஒயரில் ஜூம் இல்லை. கையால் ஜூம் செய்துவிட்டு ஆட்டம் அடங்கக் காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, ரிமோட்டையே வைத்துக்கொண்டு, மொபைலில் ஏதாவதொரு டிராக்கிங் செயலியில் ஜிபிஎக்ஸ் கோப்பாக (நேரத்தோடு இடங்களைக் குறிக்கும் கோப்பு) நடந்த பாதையைப் பதிவுசெய்து, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் டிஜிகாம் என்ற படத் தொகுப்பு மென்பொருளில் படங்களோடு பொருத்துவது. ஜிபிஎக்ஸில் நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும், கேமராவில் இந்திய நேரம். பொருத்தும்போது +5:30 என்று கொடுக்க மறந்தால், காலையில் எடுத்த படங்கள் மத்தியானம் போன இடத்தில் போய் உட்காரும், அல்லது எங்கேயும் பொருந்தாது. கிளம்பும் முன் ஒருமுறை மொபைலோடு இணைத்துக் கேமராக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வதும் அவசியம்.

படம் அனுப்புவதிலும் ஸ்னாப்பிரிட்ஜ் கஞ்சம்தான். ப்ளூடூத்தில் தானாக வருவது 2 மெகாபிக்சல் படம். வாட்ஸ்அப்புக்குப் போதும், பறவையை அடையாளம் காண வெட்டிப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாக உடையும். முழு 16 மெகாபிக்சலும் வீடியோவும் வேண்டுமென்றால் வைஃபைக்கு மாற வேண்டும். கேமராவின் வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்பதால் ஆண்ட்ராய்டு மொபைல் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். இணைப்பு பாதியில் அறுவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். டேட்டாவை அணைத்துவிட்டு இணையுங்கள். ரா கோப்புகளுக்கு (சுருக்காத மூலப் படங்கள்) கார்டு ரீடரை விட்டால் வேறு நல்ல வழி இல்லை.

கார்டு விஷயத்தில் காசைக் கொட்டாதீர்கள். ஒரே ஸ்லாட், கேமராவுக்குள் தனி மெமரி கிடையாது. யு3 என்ற வேகக் குறியிட்ட 64 ஜிபி யுஎச்எஸ்-1 வகை கார்டு 4கே வீடியோவுக்குப் போதும். அதைவிட வேகமான யுஎச்எஸ்-2 வகைக்குக் கொடுக்கும் கூடுதல் காசு தண்டம். பட்டனை அழுத்திப் பிடித்து மளமளவென எடுக்கும் வேகத் தொடரில் 7 படம் எடுத்ததும் கேமரா எழுதி முடிக்கும்வரை முழி பிதுங்கி நிற்கும், அதற்குக் கார்டைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆன்லைனில் வாங்கிய கார்டு போலியா என்று எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளில் முழுக்க எழுதிச் சோதித்த பிறகு கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். எழுத முடியாது என்று கேமரா அடம்பிடித்தால், கார்டின் ஓரத்திலுள்ள பூட்டு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது தளர்ந்துபோயிருந்தால் மேலே தள்ளி, மெல்லிய செலோடேப் ஒட்டலாம்.

பேட்டரி இஎன்-இஎல்20ஏ, வெறும் 1110 எம்ஏஎச். நிறுவனக் கணக்கிலேயே சுமார் 250 படம்தான். 1.4 கிலோ கேமராவுக்கு இது அநியாயம். கூடுதலாக இரண்டு பேட்டரியும், தனியாக எம்எச்-27 சார்ஜரும் இல்லாமல் ஒரு முழு நாள் ஓடாது. கேமராவை அணைத்த பிறகும் மொபைலுக்குப் படம் அனுப்பும் வசதியை மெனுவில் நிறுத்திவைத்தால் கொஞ்சம் மிச்சம். சார்ஜ் முனை மைக்ரோ யுஎஸ்பி. டைப்-சி பி1100-ல்தான் வந்தது. அதனால் பையில் இன்னொரு ஒயர்.

ரா, மைக் முனை, ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூ, அந்த அருமையான ரிமோட் என்று எல்லாம் பி1000 பக்கம்தான் இருக்கிறது. பி900-ல் ரா இல்லை, மைக் முனை இல்லை, ஹாட் ஷூவும் இல்லை. ஆனால் அதில் ஜிபிஎஸ் உள்ளேயே இருக்கிறது, பேட்டரி 360 படம் தாங்கும். இன்றைக்குக் கேட்டால், நல்ல நிலையில் ஒரு பி900 கிடைத்தால் அதையே எடுங்கள் என்பேன்.