வளவு முழுக்க ஒரே பாட்டு: வன்னி வீட்டுக்கு எந்த ஸ்பீக்கர் கூட்டு சரிவரும்?

ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் சத்தம் எப்படி என்றுதான் விசாரிக்கிறார்கள். இரண்டு மூன்று வாங்கி வீடு முழுக்கக் கேட்க நினைப்பவர் அதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும். விறாந்தையில் ஓடுகிற பாட்டைக் குசினிக்கும் சேர்ப்பது எவ்வளவு சுலபம்? பிள்ளை படிக்க உட்கார்ந்ததும் அறை ஸ்பீக்கரை மட்டும் கழற்றிவிட முடியுமா? கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடுகள் பல 550 சதுர அடிதான். ஆனால் வளவு பெரிது, குசினி தனியாகப் பின்னுக்கு நிற்கும், கிணற்றடி அதற்கும் அப்பால். அதனால் இங்கே சேர்ப்பதும் பிரிப்பதும் நாள் முழுக்க நடக்கும் வேலை.

இந்த விஷயத்தில் முதலிடம் சோனோஸ் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்துக்கே. 2005இல் முதல் கருவியை விற்ற நாளிலிருந்து பல அறைகளில் ஒரே பாட்டு என்பதுதான் அவர்களின் தொழில். செயலியில் வேண்டிய அறைகளைத் தொட்டால் கூட்டு தயார், மறுபடி தொட்டால் பிரிந்துவிடும். முன்கூட்டிப் பெயர் வைத்துக் குழு அமைக்கத் தேவையில்லை. எனக்கு இதைவிடப் பிடித்தது ஸ்பீக்கரின் மேலுள்ள ப்ளே பொத்தான். அதைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால், வேறு அறையில் ஓடும் பாட்டோடு இந்த ஸ்பீக்கரும் சேர்ந்துகொள்ளும். குசினியில் நிற்கும் அம்மம்மா போனைத் தேடவே வேண்டாம். ஆனால் விலை கை வைக்க விடாது. 2024 மே மாதம் வந்த புதிய செயலியில் பழைய வசதிகள் பல காணாமல் போய்ப் பெரிய எதிர்ப்பும் கிளம்பியது.

கூகுளில் வழி வேறு. ஹோம் செயலியில் முதலே ‘வீடு’, ‘வெளி’ என்று குழு அமைத்து வைத்துவிட்டு, பாட்டை அந்தக் குழுவுக்கு அனுப்புவதுதான் வழக்கம். பாட்டை ஸ்பீக்கரே இணையத்திலிருந்து எடுக்கும் என்பதால் போனோடு சந்தைக்குப் போனாலும் வீட்டில் பாட்டு நிற்காது. இந்தக் குழு வசதி நீதிமன்றம் வரை போனதும் உண்டு. 2020இல் சோனோஸ் கூகுள்மேல் காப்புரிமை வழக்குப் போட்டது. 2022 ஜனவரியில் தீர்ப்பு கூகுளுக்கு எதிராக வர, குழு முழுவதற்கும் ஒரேயடியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியை எடுத்துவிட்டார்கள். பிறகு ஒரு ஸ்பீக்கர் ஒரு குழுவில் மட்டுமே இருக்கலாம் என்றும் ஆனது. 2023 அக்டோபரில்தான் ஒன்றுக்கு மேற்பட்ட குழுவில் சேர்க்கும் வசதி திரும்பியது. காசு கொடுத்து வாங்கிய பொருளின் வேலை இப்படி இடையில் மாறுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அமேசான் எக்கோவும் முன்கூட்டிக் குழு அமைக்கும் வகைதான். அதில் பேசும் உதவியாளரான அலெக்சாவுக்குத் தமிழ் தெரியாது, இணையம் இல்லையென்றால் அசையவும் அசையாது. கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்து தந்தால் பாவியுங்கள், தேடிப்போய் வாங்க வேண்டாம். ஐபோனிலிருந்து ஸ்பீக்கர்களுக்குப் பாட்டு அனுப்பும் ஆப்பிளின் ஏர்ப்ளே 2 சேர்த்துப் பிரிப்பதில் சோனோஸ் அளவுக்குச் சுலபம், போனில் பதிந்த பாட்டை இணையம் இல்லாமலே பரப்பும். ஐபோன் இல்லாத வீட்டுக்கு அதனால் பயனில்லை.

இங்கே அதிகம் காணும் புளூடூத் ஸ்பீக்கர்களையும் விட முடியாது. பற்றரி இருப்பதால் கரண்ட் போனாலும் பாடும், ரவுட்டரும் வேண்டாம். ஆனால் ஜேபிஎல்லில் ஸ்பீக்கர்களைச் சேர்க்கும் முறை இரண்டு: பழைய பார்ட்டிபூஸ்ட் மொடல்களும் புதிய ஔராகாஸ்ட் மொடல்களும் ஒன்றோடொன்று சேராது. இரண்டாவது வாங்கும்போது இதைப் பார்த்து வாங்குங்கள். போனோடு கிணற்றடிக்குப் போனால் பாட்டு விட்டுவிட்டு வரும்.

என் தெரிவு ஸ்னாப்காஸ்ட். இலவச மென்பொருள், ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியில் ஓடும். வீட்டில் கிடக்கும் பழைய பாட்டுச் செற் ஒவ்வொன்றுக்கும் அப்படி ஒரு கணினியைப் பூட்டி இதில் சேர்க்கலாம். எந்த ஸ்பீக்கரையும் எந்தக் குழுவுக்கும் நொடியில் மாற்றலாம். பாட்டுகளை ஒரு பென்ட்ரைவில் போட்டுவிட்டால் இணையம் எட்டிப் பார்க்கவே வேண்டாம். மழை நாளில் சிக்னல் இழுபடும் இடங்களுக்கு இது பெரிய ஆறுதல். பொருத்துவதற்கு மட்டும் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளம் தெரிந்த ஒரு பிள்ளை வேண்டும். அப்படி ஆள் இல்லாத வீட்டுக்குக் கூகுளே போதும்.

தூரத்தையும் கவனியுங்கள். ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 350 மீற்றர்தான் போகும். படலையடியில் ஒன்று, 25 மீற்றர் தள்ளி விறாந்தையில் ஒன்று என்றால், இரண்டும் ஒரே கணத்தில் பாடினாலும் தூரத்து ஒலி 70 மில்லிநொடி பிந்திக் காதில் விழும், சொற்கள் இரட்டிக்கும். ஸ்னாப்காஸ்டிலும் கூகுளிலும் ஸ்பீக்கருக்குத் தனித்தனியாகத் தாமதம் வைக்கலாம். ஆனால் ஒரு இடத்துக்குச் சரிசெய்தால் மற்ற இடத்தில் பிசகும். சாமத்திய வீடு போன்ற நாட்களில் இரண்டு பெரிய ஸ்பீக்கரை எதிரெதிர் மூலையில் வைப்பதைவிட, சிறியவை நாலைந்தைச் சத்தம் குறைத்துப் பந்தலுக்குள் பரப்புவது நல்லது.

புளூடூத் தவிர எதை வாங்கினாலும் ரவுட்டருக்கு ஒரு சிறு யுபிஎஸ் சேர்த்து வாங்குங்கள். பல ரவுட்டர்கள் 12 வோல்ட், சில 9 வோல்ட். அடியிலுள்ள ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.