ஜி.ஸ்கில் ஃபிளேர் எக்ஸ்5: 6000ஐ மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் என் பிழைப்பு. ரைசன் 5 7600 ப்ராசசர் வைத்து வீட்டிலேயே அசெம்பிள் செய்த கம்ப்யூட்டருக்கு இந்த ரேமை வாங்கினேன். டிடிஆர்5, 16 ஜிபி ஸ்டிக் இரண்டு, வேகம் 6000 (நொடிக்கு இத்தனை மில்லியன் முறை தகவல் கைமாறும்), டைமிங், அதாவது ரேமின் காத்திருப்பு எண்கள், 30-38-38-96. ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர் இதே மாடலில் 36-36-36-96ஐ எடுத்துக் காட்டி, "ரெண்டும் 6000தான் சார், இது விலை கம்மி" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் 30தான் வேண்டும் என்றேன்.

காரணம் சின்னக் கணக்கு. டைமிங்கின் முதல் எண்ணை 2000ஆல் பெருக்கி, வேகத்தால் வகுத்தால், கேட்ட தகவலை ரேம் தரத் தொடங்க எத்தனை நானோசெகண்ட் ஆகும் என்று கிடைக்கும். 30க்கு 10, 36க்கு 12. (அந்த முதல் எண்ணைத்தான் சிஎல் என்பார்கள். பழைய டிடிஆர்4இல் 3200 சிஎல்16க்கும் இதே 10தான் வரும். டிடிஆர்5இல் கூடியிருப்பது ஒரே நேரத்தில் அள்ளித்தரும் அளவு.)

ரேமை மாட்டியதும் இந்த வேகம் தானாக வந்துவிடாது. பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்ஸ்) எதையும் தொடாமல் விட்டால் 4800இல்தான் ஓடும். 4800 சிஎல்40 என்றால் 16.7 நானோசெகண்ட். கூடக் காசு கொடுத்தது வீண். பயாஸில் எக்ஸ்போவை (ரேமிலேயே பதிந்திருக்கும் வேக அமைப்பைப் போட்டுவிடும் ஏஎம்டி வசதி) ஆன் செய்தால் 6000 வேகமும், மேலே சொன்ன நான்கு எண்களும் 1.35 வோல்ட்டும் தானாக அமைந்துகொள்ளும். அதற்குமுன் பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள்; சில ரைசன் 7000 ப்ராசசர்கள் கருகியபின் 2023இல் ஏஎம்டி எஸ்ஓசி வோல்டேஜுக்கு (ப்ராசசருக்குள் ரேமைக் கையாளும் பகுதிக்குப் போகும் மின்னழுத்தம்) 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு வைத்தது. நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டு என்றால், ஸ்டிக்குகளை ப்ராசசரிலிருந்து எண்ணி 2ஆவது, 4ஆவது ஸ்லாட்டில் போடுங்கள். முதல்முறை ஆன் செய்ததும் மானிட்டர் சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். கம்ப்யூட்டர் புது ரேமைப் பழக்கிக்கொள்கிறது, பவரைப் பிடுங்க வேண்டாம்.

ஒன்று தெரிந்திருக்கட்டும்: 7600க்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் 5200தான். எக்ஸ்போவும் ஓவர்கிளாக்கிங் (அதிகாரபூர்வ வேகத்தைத் தாண்டி ஓட்டுவது) கணக்கில்தான் சேரும். அதனால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற ப்ரோகிராமை இரவு முழுக்க ஓடவிட்டேன். ஒரு எரர்கூட இல்லை.

எடிட்டிங்கில் என்ன லாபம்? ரெண்டரில் 30க்கும் 36க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அங்கே 32 ஜிபி இருப்பதுதான் உதவி. பையன் கேம் ஆடும்போது நடுநடுவே வரும் திக்கல் கொஞ்சம் குறையலாம், அவ்வளவே. ப்ராசசர் எக்ஸ்3டி வகை (உள்ளேயே கூடுதல் கேஷ் நினைவகம் கொண்டது) என்றால் அதுவும் பெரிதாகத் தெரியாது, 36ஐயே வாங்கலாம்.

இந்த ரேமில் ஆர்ஜிபி விளக்கு கிடையாது. உயரம் 33 மில்லிமீட்டர்தான், என் பெரிய ஏர் கூலருக்கு அடியில் இடிக்காமல் நுழைந்துவிட்டது. எனக்கு அது போதும். விலை வித்தியாசம் சில நூறு ரூபாய் என்றால் 30ஐ எடுங்கள்; ஆயிரங்களில் போனால் 36ஐ வாங்கி, மிச்சத்தை எஸ்எஸ்டியில் போடுங்கள்.