ஒன்பது கோப்பையா, நான்கு கோப்பையா: சாம் பொல்லாக்கும் பில் டோரியும்

ஐஸ் ஹாக்கியின் ஜெனரல் மேனேஜர்களில், அதாவது வீரர்களைத் தேர்ந்து அணியைக் கட்டும் மேலாளர்களில், யார் பெரியவர் என்று பேச்சு வந்தாலே விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள். மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணியை 1964 முதல் 1978 வரை நடத்திய சாம் பொல்லாக்குக்கு ஒன்பது ஸ்டான்லி கோப்பைகள் (வட அமெரிக்காவின் என்எச்எல் லீக்கில் சாம்பியனுக்குக் கிடைப்பது). நியூயார்க் ஐலண்டர்ஸின் பில் டோரிக்கு நான்கு, 1980 முதல் 1983 வரை வரிசையாக. ஒன்பதுதான் பெரிது, அதற்குமேல் என்ன பேச்சு என்பார்கள். எனக்கு இந்தக் கணக்கில் உடன்பாடு கிடையாது. பொறுப்பேற்ற நாளில் அவரவர் கையில் என்ன இருந்தது என்று பார்க்காமல் இருவரையும் தராசில் வைக்கக் கூடாது.

பொல்லாக்கின் கைக்கு வந்தது பிதுரார்ஜிதம். 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து முறை கோப்பை வென்ற அணி, ழான் பெலிவோ என்ற மாபெரும் ஆட்டக்காரர், கனடா முழுக்க வேர்விட்டிருந்த இளையோர் அணிகள். ஆனால் அந்தச் சொத்தைச் சேர்த்ததில் பொல்லாக்கின் உழைப்பும் உண்டு. தலைமைப் பொறுப்புக்கு வருமுன் அந்த இளையோர் அணிகளை ஆண்டுக்கணக்கில் கவனித்தவரே அவர்தான்.

1967இல் லீக் ஆறு அணிகளிலிருந்து பன்னிரண்டாகப் பெருகியது. ரசிகர்களால் அரங்கை நிரப்ப, புதிய அணிகளுக்கு உடனடியாக ஆட்டக்காரர்கள் வேண்டும். பொல்லாக்கிடம் ஆட்டக்காரர்கள் மிச்சம். அவர்களைக் கொடுத்து, வருங்கால டிராஃப்ட் உரிமைகளை வாங்கிக்கொண்டார். டிராஃப்ட் என்பது ஐபிஎல் ஏலம் மாதிரி அல்ல. இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும். அன்றைய வழக்கப்படி கடைசி இடத்தில் முடித்த அணிக்கு முதல் முறை. 1970இல் எர்னி ஹிக்கி என்ற வீரரையும் அந்த ஆண்டுக்கான தன் முதல் சுற்று உரிமையையும் கொடுத்து, ஓக்லண்ட் சீல்ஸ் அணியின் 1971 முதல் சுற்று உரிமையைப் பெற்றார். சீல்ஸ் கடைசி இடத்தில் முடித்தது. கனேடியன்ஸுக்கு, பின்னாளில் பெரும் நட்சத்திரமான கி லஃப்ளர் கிடைத்தார். அதே டிராஃப்டில் இருபதாவது ஆளாக எடுக்கப்பட்டவர் லாரி ராபின்சன் என்ற தற்காப்பு வீரர்.

சீல்ஸ் கடைசியில்தான் முடிக்க வேண்டும் என்பதற்காக 1971 ஜனவரியில் தன் அணியின் ரால்ஃப் பேக்ஸ்ட்ராமை லாஸ் ஏஞ்சலஸ் அணிக்கு அனுப்பி, தடுமாறிக்கொண்டிருந்த அந்த அணியைத் தூக்கிவிட்டார் என்று ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. பேக்ஸ்ட்ராமே அணி மாற விரும்பிக்கொண்டிருந்தவர். அதனால் முழுவதையும் சதுரங்க நகர்வாகச் சொல்ல எனக்குத் தயக்கம். அந்தக் கதை இல்லாமலேயே பொல்லாக் பெரியவர்தான். 1976-77 பருவத்தில் அவர் அணி ஆடியது 80 ஆட்டம். வென்றது 60, தோற்றது 8 மட்டுமே.

60 என்ற எண் டோரியின் கதையிலும் வருகிறது. 1972-73இல், ஐலண்டர்ஸின் முதல் பருவத்தில், அவர் அணி 60 ஆட்டங்களில் தோற்றது. வென்றது 12. போதாக்குறைக்கு அதே ஆண்டு டபிள்யூஎச்ஏ என்ற போட்டி லீக் முளைத்து, அவர் தேர்ந்தெடுத்தவர்களில் சிலரை இழுத்துக்கொண்டு போனது.

இருவரும் நேருக்கு நேர் மோதியது 1973 டிராஃப்டில். எனக்கு இந்த ஒப்பீட்டின் உயிர்நாடியே இதுதான். முதல் தேர்வு டோரியிடம். டெனிஸ் பொட்வின் என்ற தற்காப்பு வீரர் காத்திருக்கிறார். பொல்லாக் வழக்கம்போல் வந்தார்: உடனே களமிறங்கக்கூடிய ஆட்களைத் தருகிறேன், உரிமையைக் கொடு. அறுபது தோல்வி கண்ட மேலாளருக்கு அது எவ்வளவு பெரிய ஆசை! டோரி மறுத்துவிட்டார். 1968 முதல் 1970 வரை அதே சீல்ஸ் அணியில் வேலை பார்த்தவர் அவர். நாளையை விற்று இன்றைச் சமாளிப்பதை உள்ளிருந்தே பார்த்தவர். பொட்வினின் அண்ணன் ழானைச் சில மாதங்களுக்கு முன்பே அணிக்குக் கொண்டுவந்திருந்தார், தம்பி போட்டி லீக்குக்குப் போய்விடாமல் இருக்க. பொல்லாக்கும் வெறுங்கையோடு திரும்பவில்லை. தேர்வு வரிசையில் கீழே இறங்கி எட்டாவதாக பாப் கெய்னியை எடுத்தார். சிறந்த தற்காப்புத் திறனுள்ள முன்கள வீரருக்கான செல்கி விருது தொடங்கிய முதல் நான்கு ஆண்டும் கெய்னிக்கே போனது.

பிறகு டோரி ஒவ்வொரு கல்லாக அடுக்கினார். 1974இல் கிளார்க் கில்லீஸ், பிரையன் டிராட்டியே. 1977இல் மைக் பாஸி, பதினைந்தாவதாக. முதல் பருவத்திலேயே 53 கோல். 1980 மார்ச்சில் அணியின் முதல் டிராஃப்ட் வீரரான பில்லி ஹாரிஸையே டேவ் லூயிஸோடு சேர்த்து அனுப்பிவிட்டு புட்ச் கோரிங் என்ற வீரரை வாங்கினார். தான் வளர்த்த பிள்ளையை வழியனுப்பும் முடிவு அது. மே 24ஆம் தேதி கோப்பை கைக்கு வந்தது. அந்த 1980 ப்ளேஆஃபில் (கோப்பைக்கான இறுதிக்கட்ட ஆட்டங்கள்) தொடங்கி 1984 வரை தொடர்ந்து 19 ப்ளேஆஃப் தொடர்களில் வெற்றி. வட அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டில் அதை இன்றுவரை யாரும் தொடவில்லை.

டோரியின் குறையையும் சொல்ல வேண்டும். கடைசி நான்கு பருவங்களில் மூன்றில் ஐலண்டர்ஸ் ப்ளேஆஃப்புக்கே போகவில்லை, 1992இல் விலகினார். பொல்லாக்கோ உச்சத்தில் இறங்கினார். அவர் சேர்த்துவைத்த அணி 1979இலும் வென்றது. போகும்போது வீட்டை எந்த நிலையில் விட்டார் என்று மட்டும் கேட்டால் பொல்லாக்குக்குத்தான் என் ஓட்டு. மற்றபடி நான் டோரியின் பக்கம். பொல்லாக் வெறும் நிலத்தில் அணி எழுப்பியதே இல்லை. டோரியோ 1993இல் ஃப்ளோரிடா பாந்தர்ஸ் என்ற புத்தம்புது அணியின் தலைவராகப் போய் உட்கார்ந்தார். மேலாளர் வேலை வேறொருவரிடம் இருந்ததால் முழுப் பெருமையும் அவருக்கே என்று சொல்லமாட்டேன். ஆனால் மூன்றாவது பருவத்தில், 1996இல், அந்த அணி இறுதித் தொடரில் ஆடிக்கொண்டிருந்தது.