டோக்கன் எண் 31

குழந்தை அசையவில்லை என்று வந்து நிற்கும் கர்ப்பிணியிடம் "டோக்கன் போட்டுவிட்டு உட்காருங்கள்" என்று சொல்ல எப்படி வாய் வருகிறது? போன மாதம் கும்பகோணத்தில் என்னிடம் அப்படித்தான் சொன்னார்கள். இன்னும் ஆறவில்லை.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அம்மா பிடிவாதமாக இருந்ததால், 30ஆவது வாரத்தில் லண்டனிலிருந்து வந்தேன். (28 வாரத்துக்குப் பிறகு பல விமான நிறுவனங்கள் மருத்துவரின் கடிதம் கேட்கும். 36 வாரம் முடிந்துவிட்டால் பெரும்பாலும் ஏற்றமாட்டார்கள். வளைகாப்புக்கு நாள் பார்க்கும்போது இதையும் பாருங்கள்.)

32ஆவது வாரம். இட்லி உள்ளே போன பத்தாவது நிமிடம் விலாவில் உதைக்கும் குழந்தை, அன்று பதினொரு மணியாகியும் சும்மா கிடந்தது. "தூங்கும்டி, சீரகத் தண்ணீர் குடி" என்றார் அம்மாச்சி. சூட்டு வலிக்கு அவருடைய சீரகத் தண்ணீரை நான் நம்புவேன். இதற்கு நம்ப முடியவில்லை. லண்டனில் மிட்வைஃப் (பேறுகாலச் செவிலியர்) என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான்: அசைவு குறைந்தால் மறுநாள் வரை பார்க்காதே, உடனே பிரசவப் பிரிவுக்குப் போன் செய். அங்கே இரவு இரண்டு மணிக்கும் யாராவது எடுப்பார்கள்.

இங்கே, பெயர் பெற்ற ஒரு தனியார் மருத்துவமனையின் முன்மேசையில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "31 மேடம். இப்போது 9 போகிறது."

"அசைவே இல்லை அம்மா" என்றேன்.

"எல்லோரும் அவசரம்தான் மேடம். வரிசைப்படிதான்."

இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். வீங்கிய கால் செருப்புக்குள் நுழையவில்லை. பெரிய தோல்பையோடு வந்த மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் இருவர் எந்த டோக்கனும் இல்லாமல் உள்ளே போய் வந்தார்கள். பக்கத்தில் இருந்த திருவிடைமருதூர்ப் பெண் மட்டும், யார் என்ன என்று கேட்காமல், சாத்துக்குடியை உரித்துச் சுளை சுளையாக என் கையில் வைத்தாள். "இனிப்பு போனால் அசையும் அக்கா" என்றாள். லண்டனில் அத்தனை முறை காத்திருந்திருக்கிறேன், பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. கண் கலங்கிவிட்டது.

உள்ளே போனதும் டாக்டர் கேட்ட கேள்விதான் என்னை அடித்துப் போட்டது. "அசைவு இல்லை என்றால் நேராக உள்ளே வர வேண்டாமா? ஏன் சொல்லவில்லை?" அவரிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை. வயிற்றில் பட்டை கட்டி இருபது நிமிடம் இதயத்துடிப்பைப் பதிவு செய்தார்கள். நல்லவேளை, குழந்தை நன்றாக இருந்தது.

மறுநாள், கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்ணான ஆர்.சி.எச். எண் பதிவதற்காகக் கிராம சுகாதாரச் செவிலியர் ஸ்கூட்டரில் வீட்டுக்கே வந்தார். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த 12 இலக்க எண் கட்டாயம் என்பதால், பிரசவத்துக்கு ஊர் வருபவர்கள் வந்த வாரமே பதிந்துவிடுங்கள். பதிந்ததோடு அவர் கிளம்பவில்லை. திண்ணையில் உட்கார்ந்து ரத்த அழுத்தம் பார்த்தார், கணைக்காலைக் கட்டைவிரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்த்தார், இரும்புச் சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்காதே என்றார்.

"கால் வீக்கம் சாயங்காலம் வரும், படுத்தால் வடியும். ஆனால் முகமும் கையும் வீங்கினாலோ, தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, ரத்தமோ நீரோ போனாலோ, டோக்கன் கீக்கன் என்று நிற்காதே பாப்பா. 108க்குப் போன் போடு. அசைவுக்கும் அதேதான். மதியம் சாப்பிட்டு இடது பக்கம் சாய்ந்து படுத்து எண்ணு. இரண்டு மணி நேரத்தில் பத்து வர வேண்டும். வராவிட்டால் உடனே கிளம்பு. பத்து வந்தாலும், வழக்கம்போல் இல்லை என்று உனக்குத் தோன்றினால் அதுவும் போதும், கிளம்பு."

மிட்வைஃப் சொன்ன அதே விஷயம், எங்கள் வீட்டுத் திண்ணையில், காசு பணம் இல்லாமல். தன் கைப்பேசி எண்ணை முருகன் காலண்டரின் ஓரத்தில் எழுதிவிட்டுப் போனார்.

இப்போது எனக்கு 36 வாரம். குழந்தையின் தலை கீழே திரும்பிவிட்டது. தினமும் மதியம் அம்மாச்சி என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் "ம்" என்னும் ஒவ்வொரு முறையும் ஒரு புளியங்கொட்டையைச் சொம்பில் போடுகிறார். நேற்று பத்தாவது கொட்டை இருபத்தைந்து நிமிடத்தில் விழுந்தது.