காது மெஷின், ஐந்து வருடம் மாட்டிய பிறகு

வாங்கப் போகும் நாளில் எல்லோரும் கேட்பது எத்தனை சேனல், புளூடூத் உண்டா என்பதைத்தான். காதுக்குப் பின்னால் மாட்டும் பி.டி.இ. மெஷினை வருடக்கணக்கில் மாட்டியவர்களிடம் கேட்டால் பேச்சு வேறு பக்கம் போகும்: ஒலியைக் காதுக்குக் கொண்டுபோகும் ட்யூப், அதன் முனையில் காதுக்குள் பொருந்தும் மோல்டு, பேட்டரி, வியர்வை. பெரிய விலை கொடுத்து வாங்கிய மெஷினை ஊமையாக்குவது பெரும்பாலும் இந்தச் சில்லறைச் சாமான்கள்தான்.

முதல் சில வாரங்கள் யாருக்கும் பிடிக்காது. தன் குரலே குடத்துக்குள் பேசுவது போலக் கேட்கும். மோல்டு காதை முழுதாக அடைப்பதால் வருவது அது. மோல்டில் காற்றுத் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் குறையும். எவர்சில்வர் தட்டு விழுந்தால் தலைக்குள் அடிக்கிறதா? வால்யூமைக் குறைக்காதீர்கள். குறைத்தால் பேச்சும் சேர்ந்து போய்விடும். அதிகபட்ச ஒலி அளவை மட்டும் இறக்கச் சொல்லி, கேட்கும் திறனைச் சோதித்து மெஷினைச் சரிசெய்யும் ஆடியாலஜிஸ்டிடம் கேளுங்கள், அது தனி செட்டிங். முதலில் அமைதியான வீட்டில் இரண்டு மூன்று மணி நேரம் போட்டுப் பழகிவிட்டு, பிறகு சந்தைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் போகலாம். இந்தப் பொறுமை இல்லாததால் பீரோவுக்குள் போன மெஷின்கள் ஏராளம்.

அடுத்தது ட்யூப். வாங்கும்போது கண்ணாடி போல வளையும். போகப் போக மஞ்சளித்து, விறைத்து, சுருங்கும். சுருங்கிய ட்யூப் மோல்டைக் காதிலிருந்து இழுத்து வெளியே தள்ளும், உடனே விசில் அடிக்கும். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். ஏ.சி. அறையில் இன்னொரு தொல்லை: காதின் சூடான ஈரக்காற்று ட்யூபுக்குள் குளிர்ந்து சொட்டாகி நிற்கும், சத்தம் திடீரென அறுந்துபோகும். மோல்டையும் ட்யூபையும் மெஷின் முனையில் உள்ள கொக்கியிலிருந்து கழற்றி, ரப்பர் ஊதியால் ஊதினால் சரியாகிவிடும். வாயால் ஊதினால் உங்கள் மூச்சின் ஈரமும் உள்ளே போகும்.

விசில் எங்கிருந்து வருகிறது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். மெஷினைக் கழற்றி, மோல்டின் ஒலித்துளையை விரலால் அழுத்தி மூடுங்கள். விசில் நின்றால் கசிவு காதில்: மோல்டு தளர்ந்திருக்கும், அல்லது காதில் அழுக்கு அடைத்திருக்கும். நிற்கவில்லை என்றால் ட்யூபையும் கழற்றிவிட்டுக் கொக்கி முனையை மூடிப் பாருங்கள். இப்போது நின்றால் ட்யூபில் விரிசல். அப்போதும் நிற்காவிட்டால்தான் கொக்கியோ மெஷினோ சந்தேகத்துக்கு உரியது.

மோல்டைத் தனியாகக் கழற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, இரவு முழுக்கக் காயவிட வேண்டும். ஸ்பிரிட் வேண்டாம். மெஷின் மேல் தண்ணீரே படக்கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு மாட்டினால் மைக் துளையில் பிசுக்கு ஏறி, எல்லாச் சத்தமும் மந்தமாகும். மாட்டிய பிறகு ஹேர் ஸ்ப்ரே அடிப்பதும் அப்படித்தான்.

நம் கடலோர ஊர்களின் புழுக்கத்துக்கு சிலிக்கா ஜெல் டப்பா கட்டாயம். இரவில் பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு, பேட்டரிக் கதவைத் திறந்தபடி மெஷினை மட்டும் டப்பாவில் வையுங்கள். பேட்டரியையும் சேர்த்துப் போட்டால் அது உலர்ந்து ஆயுள் குறையும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஜெல் நிரம்பிவிட்டது என்று அர்த்தம்.

பேட்டரி விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறும் இடம் ஸ்டிக்கர். இவை ஜிங்க்-ஏர் பேட்டரிகள், காற்றுப் பட்டால்தான் வேலை தொடங்கும். ஸ்டிக்கரை உரித்து ஓரிரு நிமிடம் வெளியே வைத்த பிறகு போட வேண்டும். திரும்ப ஒட்டினாலும் கரைவது நிற்காது, அதனால் மாற்றும் நேரத்தில் மட்டும் உரியுங்கள். ஆரஞ்சு ஸ்டிக்கர் 13, பழுப்பு 312, நீலம் 675. 13க்கும் 312க்கும் குறுக்களவு ஒன்று, தடிமன் வேறு. தவறி வாங்கிவந்து கதவை அழுத்தி மூடினால் கீல் உடையும். கை நடுங்கும் பெரியவர்களுக்கு சார்ஜ் மாடலே நிம்மதி. சர்வீஸ் சென்டர் தொலைவில் என்றால் பேட்டரி மாடலையே சொல்வோம்.

போனைக் காதுத் துவாரத்தில் வைத்துவிட்டு "கேட்கவில்லை" என்பவர்கள், காதுக்கு மேலே மைக் இருக்கும் இடத்தில் ஒருமுறை வைத்துப் பார்க்கலாம்.

குழந்தைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் இன்னும் கறாரானது. பிறந்த ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் மெஷின் என்பது உலகெங்கும் பின்பற்றும் கெடு. முதல் நாள் எடுக்கும், உள்காது திருப்பி அனுப்பும் ஒலியை அளக்கும் ஓ.ஏ.ஈ. டெஸ்டில் தேறாவிட்டால் பதற வேண்டாம். காதில் பிரசவ ஈரம் இருந்தாலும் அப்படி வரும். ஆனால் மறு டெஸ்டைத் தள்ளிப்போடக் கூடாது. ஐந்து நாளுக்கு மேல் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைக்கு, ஒலிக்குக் கேட்கும் நரம்பு தரும் பதிலை அளக்கும் பேரா டெஸ்டே சரி, ஏனெனில் நரம்பில் உள்ள கோளாறை ஓ.ஏ.ஈ. கோட்டைவிடும்.

காது வளர்வதால் கைக்குழந்தைக்கு ஓரிரு மாதத்திலேயே மோல்டு தளரும். பேட்டரிக் கதவுக்குப் பூட்டு உள்ள மாடலையே வாங்குங்கள், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. தினமும் காலையில் வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் ஆகிய ஆறு ஒலிகளைச் சொல்லிப் பாருங்கள். நேற்றுவரை 'ஸ்' கேட்ட குழந்தை இன்று திரும்பவில்லை என்றால் முதலில் ட்யூபில் ஈரம் பாருங்கள். நல்ல மெஷினை ஒழுங்காக மாட்டியும் பயன் தெரியாத கடுமையான குறைபாட்டுக்கு, ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட். தமிழ்நாட்டில் 6 வயதுக்குட்பட்டவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வழியுண்டு. இம்ப்ளான்ட்டின் வெளிப் பகுதிக்கும் வியர்வைதான் எதிரி.

வருடத்துக்கு ஒருமுறை எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் புது ஆடியோகிராம் எடுத்து, அதற்கேற்ப மெஷினைத் திருத்துங்கள். காதுக்குள் மெல்லிய குழாய் விட்டு ஒலியை அளந்து பார்க்கும் ஆடியாலஜிஸ்ட் கிடைத்தால் விடாதீர்கள். கம்ப்யூட்டர் தரும் முதல் செட்டிங் சராசரிக் காதுக்கானது.

ஒரு பழியை மட்டும் மெஷின் மேல் போடக் கூடாது. பேட்டரி புதிது, ட்யூப் சுத்தம், அதே மெஷின் மற்றவர் காதில் நன்றாகவே கேட்கிறது, ஆனால் உங்களுக்கு ஒரு காது மட்டும் திடீரென மங்கிவிட்டது என்றால் பழுது காதில். அன்றே இ.என்.டி. டாக்டரிடம் போங்கள். இதற்கான ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் தரும். சர்வீஸ் சென்டரில் தேதி வாங்கிக் காத்திருந்தால் அந்த நாட்கள் அதிலேயே கரைந்துவிடும்.