மோட்டார்ஹோமின் சுவர் வீங்கினால், மூன்று நாளில் ஒட்டித் தருவதாகச் சொல்பவர்களிடம் கொடுக்காதீர்கள்

கலிஃபோர்னியாவில் பழைய மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வீட்டு வண்டி) வைத்திருக்கும், அல்லது வாங்க எண்ணியிருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். பக்கச்சுவரின் ஃபைபர்கிளாஸ் தகடு உப்பி நின்றதைச் சரிசெய்யக் கொடுத்து 4,600 டாலரை இழந்தேன். வண்டியோ கொடுத்தபோது இருந்ததைவிட மோசமாகித் திரும்பி வந்தது. பட்டறையின் பெயரை எழுதப் போவதில்லை. அவர்கள் வேலை செய்த விதத்தை அறிந்துகொண்டால், அதே விதமாகச் செய்யும் மற்ற பட்டறைகளையும் நீங்களே அடையாளம் கண்டுவிடலாம்.

என்னுடையது 28 அடி நீளமுள்ள, ஓட்டுநர் இருக்கைக்கு மேலே படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் ‘கிளாஸ் சி’ வகை வண்டி. 2022 டிசம்பர் இறுதியில் தொடங்கி 2023 ஜனவரி நடுப்பகுதி வரை அடித்த பெருமழையில் அது வாசலிலேயே நின்றது. பிப்ரவரியில் ஒருநாள் மாலை வெயில் சாய்வாக விழுந்தபோது, வலப்பக்கச் சுவரில் ஜன்னலுக்குக் கீழே ஏறத்தாழ மூன்றடி அகலத்துக்கு மெல்லிய வீக்கம் தெரிந்தது. விரலால் தட்டினால் மற்ற இடங்களில் கெட்டியாக ஒலித்த சுவர், அங்கே மட்டும் பொத்தென்று ஒலித்தது.

இந்தச் சுவர்களின் அமைப்பைச் சொல்லாமல் நடந்த ஏமாற்று புரியாது. வெளியே தெரியும் ஃபைபர்கிளாஸ், ஓரிரு மில்லிமீட்டர் கனமே உள்ள மேல்தோல். அதன் பின்னால் ‘லுவான்’ எனப்படும் மெல்லிய பிளைவுட், அதற்கும் பின்னால் அலுமினியச் சட்டங்களுக்கு நடுவே தெர்மாகோல், கடைசியில் உள்சுவர்ப் பலகை. இவை அனைத்தும் பசையால் ஒன்றாக அழுத்தி ஒட்டப்பட்டவை. கூரை ஓர மூட்டிலோ, ஜன்னல் சட்டத்திலோ, உச்சியிலுள்ள சிறு விளக்குகளிலோ நீர் கசிந்தால், முதலில் ஊறிப் பிளவுபடுவது அந்த லுவான்தான். அது பிரியும்போது மேல்தோல் பிடிப்பில்லாமல் உப்புகிறது. ஆகவே உப்பல் என்பது நோயின் வெளி அடையாளம் மட்டுமே. நோய், நீர் நுழையும் இடத்தில் இருக்கிறது.

நான் போன பட்டறையின் உரிமையாளர் சுவரைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, “துளையிட்டு ரெசின் செலுத்தி அழுத்தி வைத்தால் மூன்று நாளில் முடிந்துவிடும்” என்றார். ரெசின் என்பது இறுகிக் கெட்டியாகும் திரவப் பிசின். கசிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, ஜன்னலைச் சுற்றிப் புதிதாகச் சிலிக்கோன் பசை பூசிவிடுவதாகச் சொன்னார். ஈரமானி எதையும் அவர் கையில் எடுக்கவில்லை என்பது அப்போது எனக்கு உறுத்தவே இல்லை. ரசீதில் ‘பக்கச்சுவர் பழுது’ என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தது. அதையும் கேள்வி கேட்காமல் வாங்கி வந்தேன். வண்டியின் பக்கவாட்டில் புதிய கோடு ஸ்டிக்கர்களை இலவசமாக ஒட்டித் தந்திருந்தார்கள். அவர்களின் தாராளத்தை வீட்டில் புகழ்ந்தும் பேசினேன்.

ஜூன் மாத வெயிலில் மொஹாவி பாலைவனம் வழியாகப் போய் வந்த ஒரே பயணத்தில் சுவர் மீண்டும் உப்பியது, இம்முறை ஐந்தடிக்கு. பட்டறையினரோ, தங்கள் உத்தரவாதம் பசைக்கு மட்டுமே என்றும், நீரால் வரும் சேதத்துக்கு இல்லை என்றும் கூறிக் கைவிரித்தார்கள்.

இரண்டாவதாகப் பார்த்த தொழிலாளி முதலில் அந்த இலவச ஸ்டிக்கரை உரித்தார். அதன் அடியில் 19 துளைகள், மேலே வெறும் பட்டி பூசி மறைக்கப்பட்டிருந்தன. தோலில் ஒரு பகுதியை வெட்டியெடுத்தபோது லுவான் ஈரமான புகையிலை போலக் கறுத்து உதிர்ந்தது. அதன் பின்னே தெர்மாகோல் இருக்க வேண்டிய இடத்தில் கை நுழையும் அளவுக்குப் பள்ளங்கள் இருந்தன. மலிவான பாலியெஸ்டர் ரெசினைச் செலுத்தியிருக்கிறார்கள். அதிலுள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். பள்ளிக்கூடத்தில் தெர்மாகோல் மாதிரி செய்யும்போது தவறான பசையை ஊற்றி, அது குழிந்து உருகியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தெர்மாகோலைக் கரைக்காத எபாக்சி ரெசினைத்தான் இந்த வேலைக்குப் பயன்படுத்த வேண்டும். அதுவும் லுவான் அழுகாமல், முழுவதும் காய்ந்திருந்தால் மட்டுமே பிடிக்கும். ஜன்னலின் அடிச்சட்டத்தில் நீர் வடிய விடப்பட்டிருக்கும் சிறு துளைகளையும் முதல் பட்டறையினர் சிலிக்கோனால் அடைத்துவிட்டதால், வெளியே போக வேண்டிய நீரும் சுவருக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. உண்மையான கசிவு கூரை ஓர மூட்டில் இருந்தது. வண்டிக்குள் விசிறியால் காற்றழுத்தம் ஏற்றி, வெளியே சோப்புநீர் தெளித்தபோது குமிழி வந்த இடத்தை வைத்து அதைப் பத்தே நிமிடத்தில் காட்டினார்.

இதன் பிறகு தோலை முழுவதும் உரித்து, புதிய தெர்மாகோலும், லுவானுக்குப் பதிலாக நீரில் அழுகாத பாலிப்ரொப்பிலீன் பலகையும் வைத்து ஒட்டினார்கள். காயவைப்பதற்கு மட்டுமே மூன்று வாரங்கள் ஆயின. செலவு 11,200 டாலர். காப்பீட்டு நிறுவனம், மெல்லமெல்ல ஏற்பட்ட நீர்ச்சேதம் என்று சொல்லி ஒரு காசும் தரவில்லை.

உங்கள் வண்டியைக் கொடுப்பதற்கு முன், கசிவு எந்த இடத்தில் என்று சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒட்டும் நாளன்று ஈரமானி காட்டும் அளவைப் படமெடுத்துத் தரச் சொல்லுங்கள். எந்த ரெசின் என்பதை மதிப்பீட்டுத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். மூன்றில் ஒன்றுக்கு முகம் சுளித்தாலும் சாவியைத் திரும்ப வாங்கிவிடுங்கள். மழைக்காலம் முடிந்த உடனே நாள் குறித்துத் தருபவர், சுவரைக் காயவைக்கப் போவதில்லை.

நான் முதலில் பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதி, பதில் வராததால் 2024இல் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போனேன். கலிஃபோர்னியாவில் தனிநபர் அங்கே 12,500 டாலர் வரை கோரலாம். விசாரணையில் இரு தரப்புக்கும் வழக்கறிஞர் வாதாட முடியாது. நான் கோரியது, கொடுத்த 4,600 டாலரும், கரைந்துபோன தெர்மாகோலை மாற்றிய செலவான 1,900 டாலரும். வெட்டியெடுத்த சுவர்த்துண்டைக் குப்பையில் போடாமல் வைத்திருக்கச் சொன்னவர் அந்த இரண்டாவது தொழிலாளிதான். நீதிபதி அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். துளைகளை ஸ்டிக்கரால் மறைத்தது ஏன் என்று கேட்டதற்குப் பட்டறைக்காரர் அழகுக்காக என்றார். 4,600 டாலர் தருமாறு தீர்ப்பானது. இதுவரை 2,000 வந்திருக்கிறது.