தக்காளிக்கும் குடிநீருக்கும் ஒரே ‘நானோ வெள்ளி’: தருமபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகள் கவனத்துக்கு

பாலக்கோடு, மாரண்டஅள்ளி, இராயக்கோட்டை வட்டாரங்களில் தக்காளி பயிரிடுவோரும், ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்போரும் அறிந்துகொள்வதற்காக இதை எழுதுகிறேன். கடந்த பருவத்தில் ஒரு நிறுவனத்தின் முகவர்கள் ஊர் ஊராக விளக்கக் கூட்டம் நடத்தி, ‘நானோ வெள்ளிக் கரைசல்’ (கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள் கலந்தது) என்ற பெயரில் லிட்டர் 1,850 ரூபாய்க்கு ஒரு தெளிப்பு மருந்தையும், அதே வெள்ளித் துகள்கள் பூசப்பட்டதாகச் சொல்லி 9,500 ரூபாய்க்கு ஒரு குடிநீர் வடிகட்டியையும் விற்றார்கள். இரண்டையும் வாங்கியவர்களில் நானும் ஒருவன். இரண்டுமே சொன்ன வேலையைச் செய்யவில்லை. புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. அவர்கள் விற்ற முறையைத் தெரிந்துகொண்டாலே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

கூட்டத்தில் முதலில் காட்டியது லேசர் விளக்கு. கண்ணாடி டம்ளரில் வெறும் தண்ணீரை வைத்துச் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் ஒன்றும் தெரியவில்லை. அவர்களுடைய கரைசலை ஊற்றிய டம்ளரில் பாய்ச்சியதும் ஒளி ஒரு கோடாகத் தெரிந்தது. “இதுதான் நானோ துகள், கண்ணால் பாருங்கள்” என்றார் முகவர். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாலை விட்டாலும் அதே சிவப்புக் கோடு தெரியும் என்பதை யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நீரில் மிதக்கும் நுண்துகள் எதுவாக இருந்தாலும் ஒளியைச் சிதறடிக்கும். அது வெள்ளியா, பாலா, சோப்பா என்று லேசருக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, மூடியளவு கரைசலைத் தண்ணீரில் கலந்து எல்லோர் முன்னிலையிலும் அவர் குடித்தும் காட்டினார். பூஞ்சையையும் வைரஸையும் அடியோடு அழிக்கும் என்று சொல்லப்படும் ஒரு மருந்தைக் குடிக்கவும் செய்யலாம் என்றால், ஒன்று அதில் வெள்ளி இல்லை, அல்லது குடிப்பவருக்கு விவரம் தெரியவில்லை. வெள்ளிக் கரைசலை நாள்பட உட்கொண்டால் தோல் நீலச் சாம்பல் நிறமாக மாறும், மாறிய நிறம் திரும்பாது என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்த செய்தி.

தக்காளியில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலைக்கருகலையும் இலைச்சுருட்டையும் ஒரே தெளிப்பில் நிறுத்திவிடும் என்றார்கள். இலைக்கருகல் பூஞ்சையால் வருவது. இலைச்சுருட்டு வெள்ளை ஈ பரப்பும் வைரஸால் வருவது. வைரஸ் செடிக்குள் புகுந்தபின் அதைக் குணப்படுத்தும் தெளிப்பு மருந்து எதுவும் இல்லை. வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துவதும், தாக்கிய செடிகளைப் பிடுங்கி அழிப்பதும்தான் வழி. முகவர் சொன்னபடி வேறு மருந்து எதையும் சேர்க்காமல் தெளித்த பாத்திகளில் கருகல் அடியிலைகளிலிருந்து நுனிவரை ஏறியது. நுனிக் குருத்து சுருண்டு பூ உதிர்ந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம், வழக்கமான காப்பர் ஆக்ஸிகுளோரைடு பூஞ்சைக்கொல்லி அடித்து, வெள்ளை ஈயைப் பிடிக்கும் மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்திருந்த பக்கத்து வயலில் காய் பறிப்பு தடையின்றி நடந்தது. நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொன்னபோது, உங்கள் தண்ணீரில் உப்பு அதிகம், அதனால்தான் மருந்து வேலை செய்யவில்லை என்றார்கள். அதில் ஓரளவு வேதியியல் உண்மை உண்டு: நீரிலுள்ள குளோரைடு வெள்ளி அயனிகளைப் பிடித்துக் கரையாத வெள்ளி குளோரைடாக மாற்றிவிடும். ஆனால் அதே உப்புத் தண்ணீருக்குத்தான் அதே வெள்ளியைப் பூசிய வடிகட்டியை எங்கள் வீட்டில் மாட்டியிருந்தார்கள்.

வடிகட்டியில் நடந்ததுதான் இதைவிடப் பெரிய ஏமாற்று, ஏனென்றால் அது பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர். எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில், அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளூரைடு மிகுதி என்பதும், அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டது என்பதும் ஊரறிந்தவை. குழாய்த் தண்ணீர் வராத நாட்களில் போர்வெல்தான் கதி. முகவர்கள் கொண்டுவந்த மாதிரி வடிகட்டியிலிருந்து பிடித்த நீரில், கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் 90 காட்டியது. வீட்டில் மாட்டியபின் உள்ளே போகும் நீரிலும் வெளியே வரும் நீரிலும் ஏறத்தாழ 1,100 காட்டியது. கேட்டதற்கு, “நல்ல தாதுக்களை விட்டுவிட்டு ஃப்ளூரைடை மட்டும் எடுக்கும் சார்” என்று பதில் வந்தது. டிடிஎஸ் மீட்டர் நீரின் மின்கடத்து திறனைத்தான் அளக்கிறது. அதற்கு ஃப்ளூரைடைத் தனியாகப் பிரித்துக் காட்டத் தெரியாது. இரண்டு நீரையும் தனித்தனியாகப் பிடித்து ஆய்வகத்தில் கொடுத்தபோது, வடிகட்டுவதற்கு முன்பும் பின்பும் ஃப்ளூரைடு லிட்டருக்கு 2.6 மில்லிகிராம் என்றே வந்தது. இந்தியக் குடிநீர்த் தரநிலை ஐஎஸ் 10500 விரும்பத்தக்க அளவாக 1.0 மில்லிகிராமையும், வேறு நீராதாரம் இல்லாதபோது அதிகபட்சமாக 1.5 மில்லிகிராமையும்தான் ஏற்கிறது.

வெள்ளித் துகள்களின் வேலை கிருமிகளைக் கொல்வது. கரைந்திருக்கும் ஃப்ளூரைடைப் பிரிக்க அதை ஈர்த்துப் பிடிக்கும் ஆக்டிவேட்டட் அலுமினா வேண்டும், அல்லது நீரை நுண்சவ்வு வழியே அழுத்தி வடிக்கும் ஆர்ஓ வேண்டும், அல்லது படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளிய வைக்கும் நல்கொண்டா முறை வேண்டும். கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

நானோ தொழில்நுட்பமே பொய் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். டாடா நிறுவனம் 2009-இல் நெல் உமிச் சாம்பலில் வெள்ளி நுண்துகள் ஏற்றிய வடிகட்டியைக் குறைந்த விலையில் கொண்டுவந்தது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் நீரிலுள்ள ஆர்சனிக் என்ற நச்சை நீக்க இரும்பு அடிப்படையிலான நானோ பொருளை உருவாக்கினார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. இவற்றில் எந்தப் பொருள், எந்த மாசை, எப்படி நீக்குகிறது என்பது தெளிவாக இருக்கும். எங்களிடம் வந்தவர்களோ, “அரசே நானோ யூரியா விற்கிறது, இதுவும் அதுதான்” என்று சொல்லியே கூட்டத்தை நம்பவைத்தார்கள். நானோ யூரியா 2021-லும் நானோ டிஏபி 2023-லும், உரங்களின் தரத்தையும் விற்பனையையும் ஒழுங்குபடுத்தும் மத்திய அரசின் உரக்கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் முறையாக அறிவிக்கப்பட்ட உரங்கள். அவற்றின் விளைச்சல் பற்றியும் விவாதம் உண்டு என்றாலும், அவை இன்னவை என்று அரசிதழில் இருக்கிறது.

இவர்களுடைய பாட்டிலில் அப்படி எதுவும் இல்லை. நோயைத் தீர்க்கும் என்று வாயால் சொன்னார்கள். லேபிளிலோ ‘இயற்கைச் செடி ஊக்கி’ என்று மட்டும் அச்சிட்டிருந்தது. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, பூச்சியையோ பூஞ்சையையோ கட்டுப்படுத்த விற்கப்படும் மருந்துக்கு மத்தியப் பதிவு எண்ணும், நச்சுத்தன்மையைக் காட்டும் வண்ண முக்கோணமும் லேபிளில் இருக்க வேண்டும். விற்பவரிடம் உரிமம் இருக்க வேண்டும். செடி ஊக்கி என்று எழுதிவிட்டால் இந்தக் கேள்வியிலிருந்து தப்பலாம் என்பது கணக்கு. ஆனால் உயிரூக்கிகள் எனப்படும் இத்தகைய செடி ஊக்கிகளும் 2021 முதல் உரக்கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டன. அந்த ஆணையின் கீழ் அனுமதி பெற்றதற்கான எண்ணும் பாட்டிலில் இல்லை. பில்லுக்குப் பதிலாக ஒரு துண்டுச்சீட்டுதான் கொடுத்தார்கள். பணமும் நிறுவனக் கணக்குக்குப் போகாமல், ஒரு தனிநபரின் கைபேசி எண்ணுக்குப் போயிருக்கிறது.

வடிகட்டிக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆய்வக அறிக்கைகளையும் பணம் அனுப்பிய விவரத்தையும் இணைத்து மனு கொடுத்திருக்கிறேன். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தால் போதும். வழிகாட்டுதலுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு.

தெளிப்பு மருந்து தொடர்பாக வேளாண்மைத் துறையின் தரக்கட்டுப்பாட்டு அலுவலரைப் பார்த்தபோது, திறந்த பாட்டிலை மாதிரியாக எடுக்க முடியாது என்றார். சட்டப்படி மாதிரியை மூன்று பங்காகப் பிரித்து முத்திரையிட வேண்டும். சிறிய பாட்டில்களாக இருந்தால் மூன்றை அப்படியே எடுப்பார்கள். எனவே இந்தக் கரைசலை வாங்கி இன்னும் மூடி திறக்காமல் வைத்திருப்பவர்கள் அதை வயலில் ஊற்றவோ, முகவரிடம் திருப்பிக் கொடுக்கவோ வேண்டாம். லேபிளில் உள்ள தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, வாங்கிய சீட்டுடன் உங்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். ஒரே தொகுதி எண்ணில் சீல் உடையாத பாட்டில்கள் எங்கள் ஊரில் இரண்டுதான் கிடைத்திருக்கின்றன. இன்னும் ஒன்று வேண்டும்.